சைக்கிள் பெல்லோட கடைசிப் பாட்டு

அடியே ராங்கிக்காரி, என் கலை,

வியாழக்கெழம சாயங்காலம் நாலு மணி பதினேழு நிமிஷத்துக்கு அந்த சேதி வந்துச்சு. என் போனுக்கு இல்ல, உன் போனுக்கு. நீ மூணே நாள் காய்ச்சல்ல போயி ஏழு மாசமாவுது. ஆனா உன் போனுக்கு தெனமும் சார்ஜ் போடுறேன். ஏன்னு கேக்காத.

"சைக்கிள் பெல் பேண்டு திரும்ப ஒண்ணு சேந்துட்டாங்க! ஞாயித்துக்கெழம நம்ம சிதம்பரத்துல கச்சேரி! கலைக்கா, வர்றீங்களா?" சேத்தியாத்தோப்பு தேன்மொழிதான்.

நான் என்னா பண்ணேன் தெரியுமா? எட்டு வருஷமா செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில, கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கேன். அலாரம் அடிச்சா மொதல்ல அக்னாலெட்ஜ் பட்டன அமுக்கணும், சத்தம் நிக்கும். கோளாறு அப்படியேதான் இருக்கும், அத அப்புறம் பாக்கணும். கை அதுக்கே பழகிப்போச்சு. நைட் ஷிப்ட் பாத்துட்டு தூங்குனவன், போன் கத்துதேன்னு அரைத் தூக்கத்துல கட்டவெரல் படத்த அமுக்கிட்டேன்.

முடிஞ்சுது கத.

உன் வாட்ஸப் குரூப்புல உன்ன விட்டு எட்டு பொம்பளைங்க. ஒருத்தர ஒருத்தர் நேர்ல பாத்ததே இல்ல, அந்த நாலு பசங்க பாட்ட வெச்சே இத்தன வருஷ சிநேகம். நீ இல்லங்கறத அவுங்களுக்கு நான்தான் சொல்லியிருக்கணும். சொல்லல. வந்த மெசேஜ எல்லாம் தொறந்து படிச்சுட்டு சும்மா இருந்தேன். அக்கா படிக்கிறாங்க, பதில் போட மாட்டேங்கறாங்க, அப்ப நம்ம மேல கோவம்னு அவுங்களே முடிவு பண்ணிட்டாங்க. ஏழு மாசமா உங்கிட்ட மாத்தி மாத்தி மன்னிப்பு கேக்குறாங்கடி! பெண்ணாடம் ஷாஹிதா டீச்சர் அழுதுகிட்டே வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கு: "கிட்டார் வாசிக்கறவரு குண்டாயிட்டாருன்னு சொன்னது தப்புதான்க்கா, பேசுங்கக்கா."

இந்த லட்சணத்துல என் கட்டவெரல். ராத்திரிக்குள்ள உனக்கும் டிக்கெட் போட்டு, முதுவுல 'கலைக்கா'ன்னு பேர் போட்ட டீ ஷர்ட்டே ரெடி பண்ணிட்டாங்க. நாலு தரம் டைப் பண்ணி நாலு தரமும் அழிச்சேன். சரி, நேர்லயே போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுவோம்னு சிதம்பரம் பஸ் ஏறுனேன்.

கேட்டுலயே புடிச்சுட்டாங்க. உன் வாட்ஸப் டிபில நம்ம ரெண்டு பேரு போட்டோ இருக்கே.

"நீங்க கலைக்கா வூட்டுக்காரருதான? அக்கா எங்கண்ணே?"

வாயத் தொறந்தேன். "பின்னாடி பஸ்ல வருது"ன்னு வந்துச்சு. ஏன் அப்படி சொன்னேன்? எனக்கே தெரியல.

உள்ள போனா, ஒரு சேர்ல உன் டீ ஷர்ட்ட போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்காங்க, பஸ்ல துண்டு போடுற மாதிரி. அதுக்கு அடுத்த சேர் எனக்கு. ரெண்டு மணி நேரம் அது பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் "அக்கா எங்க வர்றாங்க?" ஆலப்பாக்கம்னேன். புதுச்சத்திரம்னேன். பரங்கிப்பேட்ட ரோட்டுல டிராபிக்னேன். "என்னண்ணே, அக்கா நடந்தா வர்றாங்க?"ன்னு தேன்மொழி கிண்டல் வேற.

உன் ஹீரோங்கள பத்தி கேக்குறியா? டிரம்ஸ்காரனுக்கு முடியே இல்ல. கிட்டார்காரன் நெஜமாவே குண்டாயிட்டான், டீச்சர் மேல தப்பே இல்ல. ஸ்பீக்கர்ல எர்த் சரியில்ல, ஆரம்பத்துலேந்து ஒரே உறுமல். ஒரு ஒயர சரி பண்ண ஆளில்லயான்னு எனக்கு கை அரிச்சுது.

கடைசிப் பாட்டு வந்துச்சு. பத்தாவது படிக்கறப்ப இதே ஊர்ல இவுங்கள பாக்க வந்து, எட்டு மணி ஆச்சுன்னு உங்கப்பா உன்ன பாதியில இழுத்துகிட்டு போனாரே, அப்ப நீ கேக்காமப் போன பாட்டு. நடுவுல மைக்க ஆஃப் பண்ணிட்டு கூட்டத்தையே பாட விடுவாங்களாம்னு எங்கிட்ட நூறு தரம் சொல்லியிருப்ப. அத மட்டும் நான் எப்படி மறந்தேன்?

தேன்மொழி போன தூக்கி புடிச்சுகிட்டு, "அக்காவுக்கு வீடியோ கால் போடுங்கண்ணே, இதயாவது பாக்கட்டும்"னுச்சு. அதுக்கு மேல பொய் சொல்ல வழியில ஊரும் மிச்சமில்ல. அந்த எரைச்சல்ல காது கேக்காதேன்னு அடித்தொண்டையில கத்துனேன்: "கலை வராதும்மா! கலை செத்துப்போச்சு!"

சரியா அந்த நொடிதான் மைக் ஆஃப் ஆச்சு. உறுமலும் நின்னுது. நாலு வரிச சேருக்கு என் குரல்தான் கேட்டுச்சு.

ஏழு மாசத்துல வாயால அத அப்பதான் மொத தரம் சொன்னேன், கலை.

பின்னாடியெல்லாம் பாடுனாங்க. உன் எட்டு பேரு மட்டும் பாடல. பாட்டு போச்சு. ரெண்டாவது தரமும் போச்சு. இந்த தரம் என்னால.

வெளிய பைக் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் அழுதாங்க, என்னையும் திட்டுனாங்க. "ஏழு மாசமா எங்கள ஏமாத்தியிருக்கீங்களேண்ணே, மனுஷனா நீங்க?" அப்புறம் ஷாஹிதா டீச்சர் மூக்க தொடச்சுகிட்டு அந்தப் பாட்ட எடுத்துச்சு. ஒருத்தருக்கும் சுதி சேரல. என்னையும் பாடச் சொல்லி அதட்டுனாங்க.

பாதி பாட்டுல என் போன் அடிச்சுது. மணி எட்டு. உங்கப்பா. நீ போனதுலேந்து தெனமும் எட்டு மணிக்கு கூப்புடுறாரு.

"எங்க இருக்க மாப்ள? நேரமாச்சு, வூட்டுக்குப் போ."

"கலையோட கடைசிப் பாட்டு மாமா. முடிச்சுட்டு வர்றேன்."

அவரு பக்கம் ஓடிகிட்டிருந்த டிவிய நிறுத்துனாரு.

"சரி... முடிச்சுட்டே வா."

இப்ப என்னா ஆச்சுன்னா, என் நம்பரையும் குரூப்புல சேத்துட்டாளுங்க. காலையிலேந்து ரோசாப்பூ படம், குட் மார்னிங், "அண்ணே சாப்ட்டீங்களா", "அண்ணே, ரெண்டாவது சரணம் தப்பா பாடுனீங்க". உன் வருஷ தெவசத்துக்கு எட்டு பேரும் வர்றாங்களாம். அதுக்குள்ள நான் முழுசா கத்துகிட்டு இருக்கணுமாம். எங்கேந்துடி புடிச்ச இவுங்கள?

கத்துக்கறேன். உங்கப்பாவ முன்னாடி உக்கார வெச்சு, கடைசி வரி வரைக்கும் பாடுறேன். இது சத்தியம்.

இவுங்க விட்டாதான பாடிப் பழக முடியும்? அதான் என் போன ஆஃப் பண்ணிட்டேன். உன்னோடது ஆன்லதான் இருக்கு.

எப்பவும் போல திட்டிகிட்டே,
உன் மாமா