உங்கள் வாக்கை வாங்க ஆளில்லை, மாப்பிள்ளை

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நாற்றுப்பண்ணையை விற்கப் போகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். நீங்கள் போன இடத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதிலோ, தெரியவில்லை. அதனால் விஷயத்தை முதலில் போட்டு உடைத்துவிட்டேன். இனி நீங்கள் என்னைத் திட்டலாம்.

என் தங்கை சரோஜாவைக் கட்டிக்கொண்டு நீங்கள் மலைக்கு வந்த வருஷம், செம்மேட்டில் நாம் இருவரும் சேர்ந்து தொடங்கியது. மிளகுக் கொடியை நறுக்கிப் பையில் ஊன்றி, வேர் பிடித்ததும் விற்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். பிழைத்துக்கொண்டோம். இப்போது எனக்குக் குனிந்தால் நிமிர முடிவதில்லை. சரோஜா ஒருத்தியே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அலைகிறாள். பிள்ளைகள் கோயம்புத்தூரை விட்டு வர மாட்டார்கள். ஐப்பசியில் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து, காலையில் பண்ணைக் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

ராசிபுரத்துக்காரர் ஒருவர் வாங்க வந்தார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுத் துரத்தியிருப்பேன். நிழல்வலை, தாய்க்கொடிகள், பம்பு செட், பண்ணையின் பெயர் என்று எல்லாவற்றையும் ஆடிட்டரை வைத்துப் பார்த்தார். விற்ற பிறகு நாங்கள் இந்த மலையில் மிளகுக் கன்று வளர்க்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

ஒன்று மட்டும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. நீங்கள் கொடுத்து வந்த வாக்கு. நம்மிடம் வாங்கிய கன்று முதல் கோடையில் காய்ந்துபோனால், காய்ந்த தண்டோடு வந்தால் போதும், மறு கன்று கொடுத்துவிடுவீர்கள். தண்ணீர் விட்டாயா, ஆடு கடித்ததா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். இதெல்லாம் ஒரு வியாபாரமா என்று நான் கத்தியது செம்மேடு முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் பைல் நாடு, பெரக்கரை நாடு என்று மலையின் மற்ற பகுதிகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் நம்மைத் தேடி வந்தது அதற்காகத்தானே?

அது உங்கள் பழக்கம், என்னால் சுமக்க முடியாது என்று ராசிபுரத்துக்காரர் பணிவாகவே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போன ஆடியில் நீங்கள் உங்கள் கையால் கொடுத்த கன்றுகளுக்கு இப்போதுதான் முதல் கோடை தொடங்குகிறது. அவற்றுக்கு யார் பொறுப்பு? இதைச் சரோஜாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அவள் ஒரு பக்கம் வந்தால் நான் மறுபக்கம் போனேன்.

அதற்குள் செய்தி சந்தைக்குப் போய்விட்டது. பண்ணை கை மாறுகிறது, இனி மறு கன்று கிடையாது என்று. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். சாக்குச் சாக்காக மிளகுக் கன்றுகள். காய்ந்தது, வாடியது, லேசாக மஞ்சள் தட்டியது மட்டுமில்லை, பச்சைப்பசேலென்று இருந்ததையும் முன்ஜாக்கிரதையாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா ராசிபுரத்துக்காரர் காரில் வந்து இறங்க வேண்டும்? குவியலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பண்ணையில் வாடல் நோய் வந்திருக்கிறது, மறைத்து அவர் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்றே நினைத்துவிட்டார். திரும்பிக் காரில் ஏறப் போனார்.

பைல் நாட்டுக்காரர் ஒருவர்தான் ஓடிப்போய் அவரை மறித்தார். "நோவெல்லாம் இல்லீங்க. அவரும் போயிட்டாரு, பண்ணையும் போவுதுன்னாங்க. அதுக்குள்ள மாத்திக்கலாமுன்னு நல்லதையும் புடுங்கியாந்துட்டோமுங்க."

ராசிபுரத்துக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பச்சைக் கன்றோடு வந்தவர்களையாவது திருப்பி அனுப்பலாம் என்று வாயைத் திறந்தேன். சரோஜா அதற்குள் புதுக் கன்றுகளை எடுத்து நீட்டத் தொடங்கிவிட்டாள். எல்லோருக்கும்தான். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சரோஜா ராசிபுரத்துக்காரரிடம் போனாள். "பண்ணைய நீங்க எடுத்துக்கங்க. அவரு சொன்ன சொல்ல நாங்க வெச்சுக்கறோமுங்க. ஊட்டுக்குப் பின்னால ஒரு பாத்தி மட்டும் போட்டுக்கறேன், போன ஆடியில வாங்குனவங்களுக்காக. விக்க மாட்டேனுங்க."

அவர் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். பிறகு, நிபந்தனைக்குக் கீழே அதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம் என்றார். வரும் திங்கட்கிழமை கையெழுத்து.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது. பிறகு ஏன் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன? கோடை தாண்டி மழை விழுந்துவிட்டால் அந்தக் கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். உங்கள் வாக்கும் அதோடு முடிந்துவிடும். அப்புறம் ஒரு காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டு, "அவரு குடுத்த செடிங்க" என்று வாசலில் வந்து நிற்க இந்த மலையில் யார் இருப்பார்கள்? ஒரு கன்றும் காயக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டியவன், நாலைந்தாவது காயட்டுமே என்று நினைத்துக்கொண்டு நடக்கிறேன், மாப்பிள்ளை.

மழை வரும்வரை யார் வந்தாலும், தண்ணீர் விட்டாயா என்று நான் கேட்க மாட்டேன். பச்சைக் கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் கேட்க மாட்டேன். இது என் வாக்கு.

உங்களோடு போட்ட சண்டை இன்னும் தீராத,
உங்கள் மச்சான்