யார் அந்த முத்துலட்சுமி?

என் ஆசை முத்து,

நாம் சேர்ந்து படித்த அதே செம்பூர் நர்சிங் காலேஜில் இப்போது நான் டீச்சர். உன் பெரியம்மா மகள் உருப்பட்டுவிட்டாள் என்று நினைக்காதே. பழி வாங்கத்தான் போனேன், ஏட்டி.

"ஒருத்திக்கு ஒருத்தி உதவினால் ரெண்டு பேருக்கும் மார்க் கிடையாது" என்பாளே அந்த மேடம், அவள்தான் இப்போது பிரின்சிபால். அந்தப் பயத்தில்தானே நான் அப்படிச் செய்தேன்? மூன்று நாள் காய்ச்சலோடு வார்டில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, "தலை சுத்துதுட்டி, என் பேஷண்டையும் சேத்துப் பாத்துக்கிடுதியா?" என்று கேட்டாய். காதில் விழாத மாதிரி நடந்துவிட்டேன். டெங்கு என்று தெரிந்த மறுநாளே கண்ணை மூடிவிட்டாய்.

"தெம்பில்லாதவள் எதற்கு இந்தப் படிப்புக்கு வரணும்?" என்று அடுத்த வாரம் மேடம் வகுப்பில் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

என் வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்தேன். ஒருத்தி ஒரு பாடத்தைப் படித்து மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும். நாலில் யாரை எழுப்பிக் கேட்டாலும், அவள் வாங்கும் மார்க்தான் நாலு பேருக்கும். நன்றாகப் படிக்கிறவர்கள் முதலில் என்னைக் கரித்துக்கொட்டினார்கள். பிறகு அவர்களே மற்றவர்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். டியூட்டிக்கு முன் ஒருத்தியை ஒருத்தி "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டு எழுதவும் வேண்டும்.

போன மழையில் ஷபானா காய்ச்சலை மறைத்தாள். தோழிகள் விடவில்லை. ஒருத்தி அவளை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். மற்ற இருவரும் அவளுடைய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். டெங்குதான். பிழைத்துவிட்டாள், முத்து.

வார்டை விட்டுப் போனதற்கு ஷபானா மேலும் அவளைக் கூட்டிப் போனவள் மேலும் நடவடிக்கை என்று பிரின்சிபால் கமிட்டியைக் கூட்டினாள். நான் எழுந்தேன்.

"மேடம், முத்துலட்சுமியை ஞாபகம் இருக்கா?"

"யார் அந்த முத்துலட்சுமி?"

யாராம்! எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ கேட்டது, நான் நடந்து போனது, அவள் வகுப்பில் பேசியது, எல்லாம். கமிட்டிக்கு வந்திருந்த ஷபானாவின் அப்பா மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் வெளுத்ததை நின்று ரசித்தேன். தப்பா?

நடவடிக்கையைக் கமிட்டி கைவிட்டது. கமிட்டி சொன்னபடி இப்போது எல்லா வகுப்பிலும் என் முறைதான். குழுக்களின் பதிவேட்டுக்கு 'முத்துலட்சுமி ரிஜிஸ்டர்' என்று பெயர் வைத்தேன். சனிக்கிழமைதோறும் உன் பெயருக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். நானே கொண்டுபோய் நீட்டுகிறேன்.

என்னை யார் பழி வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

அவள் ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம். ஒரு சனிக்கிழமைகூட விடமாட்டேன். இது சத்தியம்.

உன்னைவிட மூன்றே மாதம் மூத்த அக்கா,
ராஜி