ஒரு பக்கம் இறங்கிய கார்

பாப்பா அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உனக்குப் பல்வலி விட்டுச்சா? பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா?

இங்க பட்டறைக்கு ஒரு பெரியவரோட பழைய கார் வேலைக்கு வந்துச்சு. ஸ்பிரிங் எல்லாம் தேஞ்சு, டிரைவருக்குப் பக்கத்து சீட் பக்கமா இறங்கியே நின்னுச்சு. அதை மாத்தணும்னா முதல்ல சக்கரத்து அச்சைப் பிடிச்சிருக்கிற ஆக்ஸில் ஜாயின்ட்டைக் கழட்டணும். துருப்பிடிச்சு ஒரே அடம். சூடு காட்டி, சுத்தியலால தட்டி, இழுத்த இழுப்புல பட்டுனு வந்து என்னை மல்லாக்கத் தள்ளிருச்சு. முழங்கையில சின்ன சிராய்ப்புதான், பயப்படாதே.

புது ஸ்பிரிங் போட்டு வண்டியை நேரா நிறுத்தினேன். ஓட்டிப் பார்த்துட்டு இறங்கின பெரியவர் முகமே சரியில்ல.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா என் சம்சாரம் இருந்தவரைக்கும் உக்காந்து உக்காந்துதான் அந்தப் பக்கம் இறங்குச்சு"ன்னாரு. பழைய ஸ்பிரிங்கைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாரு.

தேஞ்சதை மாத்தாம விட முடியுமா? நான் செஞ்சது சரியா தப்பான்னே புரியல. நீயாவது சொல்லு.

முதலாளி கூப்பிடுறாரு. நம்ம நாடா கட்டிலை இழுத்துக் கட்டப் போறேன்னு சொன்னியே, இப்போ வேண்டாம். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. என் பக்கம் தொய்ஞ்சது அப்படியே இருக்கட்டும்.

அவசரத்தில்,
பாப்பா அப்பா