சின்ன டவுட்டு

செப். 7, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். கரண்ட் ரெண்டு தடவை போய் வந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் பாதி கேட்கவில்லை, கேட்ட மாதிரி தலையாட்டி வைத்தேன்.

வாங்க: யுபிஎஸ் பேட்டரி, அம்மாவுக்கு சுகர் மாத்திரை, கொத்தமல்லி.

அன்பு போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இதில் எழுதவே இல்லை. எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடுமா. கருணாபுரம் கோவிந்தன் மகன் அன்பழகன், வயசு இருபத்தாறு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது மழையில் வண்டி சறுக்கி ஓடைக்குள். லேப்டாப்பும் அவன் செய்த பொட்டியும் பையோடு தண்ணீரில். சட்டைப் பையில் இருந்த போன் மட்டும் தப்பியது.

அந்த மழையில் மலைக்கு எதற்குப் போனான்? தெரியவில்லை.

பொட்டி: மலை ஊர்களில் யாருக்காவது பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் பட்டன் போனில் ஒரு மிஸ்டு கால் போதும். ஜீப் டிரைவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, வெள்ளிமலை ஸ்டாண்டில்தான் கிடைக்கும். அதனால் பொட்டியை ஸ்டாண்டில் வைத்தான். கால் வந்தால் டிரைவர்கள் வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி சைரன் அடிக்கும், எந்த ஊர் என்று சொல்லும். ஜீப் கிளம்பும். இதற்காக இரண்டு வருஷம் நாய் படாத பாடு பட்டான்.

எங்கள் வாட்ஸப் குரூப்பில் அதிகம் கேள்வி கேட்டவன் அவன்தான். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை செய்கிற முப்பது நாப்பது பேர். மாட்டிக்கொண்டவன் கேட்பான், தெரிந்தவன் சொல்வான், அவ்வளவுதான் சட்டம். அட்மின் நான். "அக்கா, அண்ணனுங்களா, ஒரு சின்ன டவுட்டு" என்று அன்பு ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிவிடும். ஒரு சின்ன டவுட்டாவது சின்னதாக இருந்ததில்லை. ஒருநாள் நான் போட்ட பதில்: "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டா. நீ நூறு வருஷம் இருப்பே."

செப். 8, புதன்

வெயில். துணி காய்ந்தது.

அத்தாவுக்குச் சாப்பாடு கொடுக்க எங்கள் பாத்திரக் கடைக்குப் போனேன். லோடு வந்திருந்தது. கோவிந்தன் இறக்கிக்கொண்டிருந்தார், அன்புவோட அப்பா. பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்னே வேலைக்கு வந்துவிட்டார். அத்தா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மஞ்சப்பையிலிருந்து அன்புவின் போனை எடுத்தார். கண்ணாடி விரிசல். லாக் யாருக்கும் தெரியாது, மேலே வருவதை மட்டும் படிக்கலாம்.

"டிங்குன்னுச்சுமா காலைல. இன்னா வந்துக்கீதுன்னு பாத்து சொல்லேன்."

"ரீசார்ஜ் பண்ணச் சொல்லி கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கான்பா."

"பண்ணிடட்டாமா?"

"பண்ணிடுங்க."

"சார்ஜு கொறைய உட்றதில்ல. யார்னா இன்னா ஏதுன்னு கேப்பாங்க இல்ல."

எந்த மெசேஜ் வந்தாலும் இப்படித்தான் எடுத்துக்கொண்டு வருகிறாராம், அத்தா சொன்னார். நான் இல்லாத நாளில் அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்கிறார்.

சாயங்காலம் வெள்ளிமலை ஜீப் டிரைவர் அண்ணாமலை போன். "சனங்க இன்னும் பொட்டி நம்பருக்குத்தான் அடிக்கிறாங்க மேடம். ஸ்விட்ச் ஆப்னு வருதாம். இன்னாடு பக்கம் ஒரு பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம், இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. பொட்டிய திரும்ப வெக்க முடியுங்களா?"

பார்க்கிறேன் என்றேன். எதைப் பார்ப்பது?

செப். 9, வியாழன்

அன்பு லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் தேறாது என்று சென்னை ரிப்பேர் கடையிலிருந்து சொல்லிவிட்டார்கள். பொட்டிக்குள் இருந்த மெமரி கார்டு ரெண்டு துண்டு. சிம் மட்டும் நன்றாக இருக்கிறது.

புரோகிராமை வெளியே ஒரு நகல் எடுத்து வைடா, வைடா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "வெக்கிறேன்க்கா." வைக்கவில்லை, கழுதை. செத்தவனைத் திட்டுகிறேன். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

பல் துலக்கும்போது தோன்றியது. இவன் கேட்காத கேள்வி இல்லையே. ஒவ்வொரு கேள்வியோடும் புரோகிராமில் மாட்டிக்கொண்ட இடத்தை ஒரு துண்டு வெட்டி ஒட்டுவான். குரூப்பில் அவன் பேரைப் போட்டுத் தேடினேன். இருக்கிறது, இரண்டு வருஷக் கேள்வி அத்தனையும். "சைரன் நிக்க மாட்டேங்குதுக்கா": ஒரு துண்டு. "ரெண்டு கால் ஒண்ணா வந்தா பொட்டி முழிக்குது": இன்னொரு துண்டு. புரோகிராமே கேள்விக்குள் கிடக்கிறது.

ஜனவரி வரைக்கும்தான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் குரூப்பை நான் பூட்டிவிட்டேன்.

செப். 10, வெள்ளி

பிள்ளையார் சதுர்த்தி. குரூப்பில் இருக்கும் கதிரின் இ-சேவை சென்டருக்கு லீவு என்று தெரியும். போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். சங்கராபுரத்திலிருந்து அரை மணியில் வந்து நின்றான். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் முகம் பார்க்கிறோம். இளைத்திருக்கிறான்.

நடந்ததை இங்கேயாவது நேராக எழுதுகிறேன். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். ரோடெல்லாம் ஆள். கதிர் அவன் ஆட்களோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்து படம் படமாகக் குரூப்பில் போட்டான். ஒருத்தன் கைதட்டினான், ஒருத்தன் முறைத்தான். கம்ப்யூட்டர் பேசின இடத்தில் யார் எந்த ஆளு என்ற பேச்சு. நடுவில் தெரியாத்தனமாக அன்பு வந்து ஒரு சின்ன டவுட்டு கேட்டான். கதிர் எழுதினான்: "மார்க் இல்லாம சீட்டு வாங்கினவன் இப்படித்தான் காலம் பூரா கேட்டுக்கினு இருப்பான்." அன்பு ஒரே வரி: "நீங்களும் அதத்தானே அண்ணா கேக்கறீங்க."

அதற்கப்புறம் வந்ததெல்லாம் எழுதக் கூசுகிறது. அட்மின் மட்டும்தான் பேச முடியும் என்று மாற்றி வைத்தேன். ஒரு வாரம் ஆறட்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு ஆபீஸ் வேலை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, அப்படியே விட்டுவிட்டேன். சத்தமில்லாமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கதிர் டீயைத் தொடவில்லை. "சாவுக்கு வரலக்கா நானு. வர்றதுக்கு மூஞ்சி இல்ல." என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "எந்த துண்டு நான் சேக்கணும், சொல்லு."

குரூப்பைத் திறந்துவிட்டேன்.

செப். 12, ஞாயிறு

தூறல். ரெண்டு நாளாக ஹால் முழுக்க ஒயர். அம்மா புலம்பல்: "வூடா கடையா இது?"

புது போர்டு, கால் வாங்கும் மோடம், ஸ்பீக்கர் எல்லாம் கதிர் வாங்கி வந்தான். துண்டுகளைச் சேர்த்தோம். அன்பு எழுதினதை மாற்றாமல் அப்படியே போட்டோம். ஜனவரிக்கு அப்புறம் அவன் எழுதினதற்குத் தடயமே இல்லாததால் அந்தப் பாகத்தைக் கதிர் புதிதாக எழுதினான்.

குரூப்பைப் பூட்டின பிறகு அன்பு எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். போட மாட்டான். குரூப்பில் உரிமையாக அக்கா என்பான், தனியாக ஒரு ஹாய் கூட வந்ததில்லை. பாய் வீட்டுப் பொண்ணு, யாராவது தப்பாக நினைப்பார்கள் என்று. எல்லார் முன்னாலும் கேட்பதுதான் அவனுக்கு மரியாதை. அந்த இடத்தைத்தான் நான் பூட்டினேன்.

ஊர்ப் பேர் சொல்லும் குரல் யாருடையது வைப்பது என்று பேச்சு வந்தது. தேடினால் அன்புவின் குரலே குரூப்பில் கிடக்கிறது, "சத்தம் கம்மியா இருக்குதாக்கா?" என்று கேட்டு அனுப்பியது. கதிர் ஸ்பீக்கரில் போட்டான். இன்னாடு. கரியாலூர். சேராப்பட்டு. மாவடிப்பட்டு. பின்னால் அவன் வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம்.

கதிர் எழுந்து வெளியே போய்விட்டான். அம்மா சமையல் ரூமிலிருந்து, "யாரது, கருணாபுரத்துப் பையன் வந்துக்கிறானா?" என்று கேட்டுவிட்டு, சொன்ன பிறகு ஞாபகம் வந்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

செப். 14, செவ்வாய்

லீவு போட்டேன். அத்தாவும் நானும் காரில், கதிர் பின்னால் பைக்கில். மலை ஏறும்போது வெயில், மேலே போனால் மேகம். ஒரு வளைவில் கதிர் வண்டியை நிறுத்தினான். கீழே ஓடை. தடுப்புக் கல்லில் யாரோ சாமந்தி வைத்திருந்தார்கள், காய்ந்துவிட்டது. அத்தா இறங்கிக் கையேந்தி துஆ ஓதினார்.

ஸ்டாண்டில் பொட்டியை மாட்டினோம். இன்னாட்டிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னோம். சைரன் அடித்தது, அன்பு இன்னாடு என்றான். டிரைவர்கள் நாலு பேரும் பொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறே குரல் மாத்தணுமா என்று கேட்டதற்கு அண்ணாமலை, "வேணாங்க. இருக்கட்டும்."

டீ குடிக்கும்போது அவர் சொன்னது: "ரெண்டு மூணு நாளைக்கி ஒருக்கா பொட்டி மக்கர் பண்ணும். நிறுத்திப் போட்டா மட்டும் ஆகாது, லேப்டாப்ப சொருகித்தான் கிளப்பணும். அதுக்கோசரம் ஒவ்வொரு தபாவும் இம்மாந்தூரம் வருவாரு. மழ காலமாச்சேன்னு சொன்னா, ராத்திரி யார்னா கூப்ட்டா இன்னா பண்றதும்பாரு. அன்னிக்கும் அதுக்குத்தான் வந்தாரு. இது சரிப்படல, வூட்டுக்கு எடுத்துக்கினு போயி பாக்கறேன்னு பொட்டிய கழட்டி பையில போட்டுக்கினாரு."

எதற்குப் போனான் என்று கேட்டேனே. தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை என் வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி செய்திருக்கிறோம். யாரும் மலை ஏற வேண்டாம். இறங்கும்போது கதிர் காருக்கு முன்னால் போகவே இல்லை. மெதுவாகப் பின்னாலேயே வந்தான்.

செப். 16, வியாழன்

விடியும் முன் இன்னாட்டிலிருந்து கால். ஜீப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, இருவரும் சுகம். அண்ணாமலை போனில், "பொட்டி ஒரே தபாதாங்க சொல்லுச்சு. நான் வண்டிய எடுத்துட்டேன்."

பேட்டரி வந்துவிட்டது. கோவிந்தனிடம் குழந்தை விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா," என்றார். லோடு இறக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "எந்த ஊருமா?" என்று கேட்டார்.

செப். 17, வெள்ளி

மத்தியானம் பொட்டி நின்றுவிட்டது. அதே மக்கர். அன்பு எழுதிய துண்டுகளில் எதிலோ இருந்து கூடவே வந்திருக்கிறது.

இங்கிருந்தே மறுபடி ஓடவிட்டேன். மோடம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எரர். எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன், அந்த வரியை நகல் எடுத்து நெட்டில் தேடினேன். முதலில் வந்தது ஒரு வெளிநாட்டுக் கேள்வி-பதில் ஃபோரம். யாரோ பிப்ரவரியில் கேட்ட கேள்வி, அதே எரர், அதே மோடம். படிக்கப் படிக்க இந்த இங்கிலீஷ் எனக்குத் தெரிந்த இங்கிலீஷாக இருந்தது.

தமிழில் சொன்னால்: ஐயா, என் பொட்டி இரண்டு நாளில் நின்றுவிடுகிறது. அது மலை மேல் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பைக்கில் போய்த்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது. ரோடு மோசம். மழைக்காலம் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும். யாராவது சொல்லுங்கள். கடைசியில் அவன் வார்த்தையிலேயே: "ஸ்மால் டவுட் ஒன்லி."

கீழே புரோகிராம் துண்டு. பதில்கள்: பூஜ்யம். ஏழு மாசமாக அப்படியே நிற்கிறது.

துண்டைப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு காலுக்கும் மோடத்தைத் திறக்கிறான், வேலை முடிந்ததும் மூடவில்லை. திறந்தது திறந்தபடி சேர்ந்து சேர்ந்து மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. ஒரு வரி சேர்க்கணும். குரூப்பில் கேட்டிருந்தால் சோறு ஆறுவதற்குள் சொல்லியிருப்பேன். கூடவே நாலு திட்டும் திட்டியிருப்பேன்.

சேர்த்தேன். பொட்டி ஓடுகிறது.

கதிருக்கு லிங்க் அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீல டிக் வந்தது.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் வரை அந்தப் பக்கத்தை மூடாமலே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கணக்கு ஒன்று ஆரம்பித்து, கேள்விக்குக் கீழே பதில் எழுதினேன். எந்த வரி, எந்த இடத்தில், ஏன். வேறு எதுவும் எழுத வரவில்லை. அனுப்பு என்பதை அழுத்தினேன்.

கேள்வி கேட்டவருக்குத் தகவல் போய்விட்டது என்று வந்தது.

அப்போதுதான் அந்த போன் ஞாபகம் வந்தது. கோவிந்தன் சார்ஜில் போட்டு வைத்திருப்பார். நாளைக் காலையில் எடுத்துக்கொண்டு வருவார், இன்னா வந்துக்கீதுன்னு பாத்து சொல்லுமா என்று.