தகரக் கால்வாயும் எட்டுப் படி ஏணியும்

ஜூன் 2, செவ்வாய்
கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் இலை அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் பின்னறைச் சுவரில் இறங்குகிறது. மனைவியின் தையல் மிஷினுக்கு மேலேயே பெரிய ஈரக்கறை. நான் ஏறிச் சுத்தம் செய்கிறேன் என்றேன். "ஏணியத் தொட்டீங்கன்னா அப்புறம் நான் பேசவே மாட்டேன்" என்றாள். போன வருஷம் அதிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன், வாஸ்தவம்தான். அதற்காக ஆயுள் தண்டனையா? அவள் வாயாலேயே "ஏறுங்க" என்று சொல்ல வைக்காமல் விடப்போவதில்லை.

ஜூன் 5, வெள்ளி
தரையில் நின்றபடியே முடிக்க வழி கண்டுபிடித்துவிட்டேன்! மூன்று பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டி, நுனியில் குடைக் கைப்பிடி மாதிரி ஒரு வளைவு, அடியில் தோட்டத்து ஹோஸ். மூளை என்றால் மூளை.

ஜூன் 6, சனி
தண்ணீரைத் திறந்ததும் குழாய் திமிறியது. முதல் குளியல் எனக்கு. ஆனால் அப்புறம் — இலையெல்லாம் சரசரவென்று நகர்ந்ததே! குதித்தேன். மகள் போனில் படம் பிடித்தாள்.

சாயங்காலம் மழை. நகர்ந்த இலை மொத்தமும் போய், தண்ணீர் கீழே இறங்கும் குழாயின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறது. சுவர் முன்னைவிட மோசம். முதலில் இலையை அள்ளிவிட்டு அப்புறம்தான் தண்ணீர் அடிக்க வேண்டுமாம். எனக்கு இதைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லையா? இருந்தாள். நான்தான் கேட்கவில்லை.

ஜூன் 7, ஞாயிறு
பேச்சுவார்த்தை இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது நான்.

ஜூன் 14, ஞாயிறு
"நான் ஏறறேன். நீங்க பிடிச்சுக்கோங்க" என்றாள் மனைவி. சிரித்தேன். அவள் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டி முறம் மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். கையுறை போட்டு, ஏணியில் வாளியை மாட்டி, எட்டுப் படியும் ஏறிவிட்டாள்.

இலையை அள்ளினாள், குழாய் வாயைக் கையால் தோண்டினாள், இனி இலை போகாதபடி கம்பி வலையைச் சுருட்டி அதில் செருகினாள். ஒரு கை சேற்றை என் தலையில் போட்டுவிட்டுக் கெக்கெக்கேவென்று சிரிப்பு வேறு. "அடுத்த தெரு வரைக்கும் தெரியுதுங்க! இத இத்தன நாளா நீங்க மட்டும் பாத்துட்டிருந்தீங்களா?" இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

நானோ கீழே ஏணியை இறுகப் பிடித்தபடி. ஏணி லேசாக அசைந்தாலே "போதும் இறங்கு, போதும் இறங்கு". அவள் இறங்கிய பிறகும் கை ஏணியை விடவில்லை.

போன வருஷம் இதே இடத்தில் இதே மாதிரி பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். நான் விழுந்ததைப் பார்த்தவள். அன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 17, புதன்
நல்ல மழை! தண்ணீர் குழாய்க்குள் கடகடவென்று இறங்குகிறது. சுவரில் ஒரு சொட்டு இல்லை. மகள் கை தட்டினாள். பின்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, பாவம், அடுத்த தடவ நீங்களே ஏறுங்க" என்றாள், துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வேணாம்மா" என்றேன். "நீ கீழ நிக்கணுமே."

மிஷின் நின்றது. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.