ஏலம் போன ஒரு குடம் தண்ணீர்

இன்று சர்ச்சுக்குள் நுழைந்ததும் பரங்கிப்பழ வாசனை, கட்டிப்போட்ட கோழிகளின் கூச்சல். அறுப்பின் பண்டிகை. நீங்கள் போனபின் வரும் முதல் பண்டிகை. வராமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பண்டிகையில் கட்டின பெண்டாட்டி என் மானத்தை வாங்கினீர்களே! அந்த வருஷம் நல்ல மழை. சர்ச் கிணற்றில் குனிந்து மொண்டுகொள்ளலாம். அப்போது போய், சித்தூர்ப் பக்கம் மழை முன்போல் இல்லை, நமக்கும் அப்படி ஆகலாம், கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் கிணற்றில் விடவேண்டும் என்று சபைக் கமிட்டியில் மல்லுக்கு நின்றீர்கள். கமிட்டியில் மூத்தவரான ரயில்வே மாமா கேட்டார்: "மழ நின்னு பூடும்னு உனுக்கு யார்பா சொன்னது?"

"யாரும் சொல்லல. நிக்காம போனா சந்தோசம், என்னப் பாத்து சிரிச்சிக்கினு இருங்க. நின்னு போனா இன்னா பண்ணுவீங்க?"

குழாய் வேண்டாம் என்றார்கள். கூரைக்கு வர்ணம் பூசுவதாக முடிவானது.

பண்டிகையன்று எல்லோரும் நெல்லும் வாழைத்தாரும் காணிக்கை வைக்க, நீங்கள் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை வைத்தீர்கள். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டபோது, அதன் முறை வந்ததும் சர்ச்சே சிரித்தது. யாரும் விலை கேட்கவில்லை. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. கோழி எடுக்க வைத்திருந்த காசுக்குக் குடத்தை எடுத்தேன். "இந்தக் காசு குழாய்க்கு!" என்று கத்தியும்விட்டேன். கொடுத்தவர் சொன்ன காரியத்துக்குத்தான் காணிக்கையைச் செலவழிக்க வேண்டும் என்பது நம் சபை வழக்கம். கமிட்டியால் தட்ட முடியவில்லை.

அன்று வீட்டில் வெறும் ரசம். "தண்ணி நல்லா கீதா?" என்றேன். "கோழி இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றீர்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

குழாய் வந்தது. பிறகு ஒரு வருஷம் வானம் காய்ந்தது, கிணறு வற்றவில்லை. கிணற்றடி ஊற்றுதான் காரணம் என்றார் ரயில்வே மாமா. குழாயினால்தான் என்று நீங்கள் அடித்துச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். "தெர்லியே மாமா" என்றீர்கள். எனக்கு வந்த கோபம்!

உங்களை அடக்கம் செய்த அன்றும் கொட்டுகொட்டென்று மழை. குடைக்குள் யாரோ, "மழ நின்னு பூடும்னாரே" என்று அன்பாகத்தான் சிரித்தார்கள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

இன்று ஆராதனைக்குப் பின், பள்ளிக்கூடக் கூரைக்கும் குழாய் போடலாமா என்று பேச்சு வந்தது. கிணறு நிறைந்திருக்கும்போது எதற்கு என்றார்கள். நான் எழுந்தேன். மழை நிற்குமா என்று எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது, ஆனாலும் போடுங்கள் என்றேன். உட்காரும்போது பழக்கத்தில் பக்கத்தில் கை நீட்டினேன், பிடித்துக்கொள்ள நீங்கள் இல்லையே.