எட்டு மீட்டர் குறைச்சல்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி ஜெபம். உன் அப்பாவும் சுகம்தான், ஆனால் அதை அவர் வாயால் கேட்க முடியாது, பதினோரு நாளாக இந்த வீட்டில் எனக்குக் கிடைப்பது ஒரு 'ம்', ஒரு 'ம்ஹூம்'. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எடுத்தால் எழுந்து போகிறார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டேன், வந்து சரிசெய்துவிட்டுப் போனான், இப்போது முன்னைவிட ஜோராக ஒழுகுகிறது. உன் அத்தைக்கு முழங்கால் வலி, அதை போனில் நாற்பது நிமிடம் நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது, தங்கச்சி வலியைக் கேட்க அண்ணனுக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ 'அப்பா ஏம்மா பேசலை' என்று கேட்டதற்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றேனே, அது பொய். நடந்ததைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பள்ளிக்கூடம் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. நூற்று நாற்பது பிள்ளைகள், பத்து வகுப்பறை, ஒரு ஜெபக்கூடம், அதை ஒட்டி உன் அப்பாவின் மைதானம். படிப்பும் வேண்டும் கோப்பையும் வேண்டும் என்பது பாஸ்டரின் கொள்கை. கொள்கை அவருக்கு, கொட்டாவி எனக்கு. காலை ஆறு மணிக்கே உன் அப்பா பிள்ளைகளை ஓடவிட்டு, பிழிந்து காயப்போட்டு எட்டரைக்கு என் வகுப்புக்கு அனுப்புவார், அந்தக் கசங்கிய துணிகளுக்கு நான் கணக்கு சொல்லித்தர வேண்டும். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு பாடம். பதினாலு பேரில் ஆறு பேர் உட்கார்ந்தபடியே தூக்கம். சரி, எழுந்து வாருங்கள், நீங்கள் தினமும் ஓடுகிற தடத்தையே அளந்து பார்ப்போம் என்று டேப்போடு மைதானத்துக்கு இழுத்துப் போனேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நானூறு மீட்டர் வர வேண்டிய இடத்தில் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்தது. ஒழுங்காக அளக்கத் தெரியவில்லையா என்று திட்டி, மறுபடி அளக்கச் சொன்னேன். அதே தொண்ணூற்றிரண்டு. மூன்றாம் முறை நானே டேப்பைப் பிடித்தேன். அந்த வகுப்பில் ஒல்லியாக ஒருத்தி இருக்கிறாள், எல்லோரும் வெட்டுக்கிளி என்பார்கள், உன் எண்ணூறு மீட்டர் ரெக்கார்டை முறியடிக்க ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருப்பவள், அவள் கேட்டாள், 'மிஸ், அப்போ நாங்க எல்லாரும் குறைச்சலாவா ஓடிட்டிருக்கோம்?' என்று. உன் அப்பாவை வரச் சொன்னேன். 'டேப் பழசு, இழுத்து இழுத்து நீண்டுபோச்சு' என்றார். புது டேப் வந்தது. அதுவும் தொண்ணூற்றிரண்டு என்றது. மனிதர் அப்படியே தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெபக்கூடத்தோடு சேர்த்து ஞாயிறு வகுப்பு அறை கட்டினார்களே, அப்போது அந்தப் பக்கத்து வளைவை உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. போட்டிக்கு மூன்றே நாள் இருந்தது, கயிறும் முளையும் வைத்து அவசரமாகக் கோடு போட்டார், பிறகு அளந்துகொள்ளலாம் என்று விட்டார், அந்தப் 'பிறகு' இப்போதுதான் வந்தது.

பாஸ்டரிடம் போனேன். போன மாதம்தான் நம் கையில் இருக்கிற அளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தவர், என்னிடம் குரலைத் தாழ்த்தி, 'டீச்சர், மீட் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம், ஒன்பது ஸ்கூல் வருது' என்கிறார். 'ஒன்பது ஸ்கூலையும் குட்டைத் தடத்துல ஓடவிட்டு, ஜெபம் பண்ணி வேற ஆரம்பிச்சு வைப்பீங்களா?' என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவரும் என்னோடு அளவாகத்தான் பேசுகிறார். பள்ளியில் அவர், வீட்டில் இவர். பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம், பெருக்கல் தப்பாய்ப் போட்டுவிட்டு 'எட்டுதானே மிஸ் குறைச்சல்' என்கிறார்கள்.

நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. தாழ்வாரத்து ரெக்கார்டு பலகையில் மகள் பேர் போய்விடும் என்றுதானே இந்த மௌன விரதம், ஒரு பலகைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். 'பலகை கிடக்குது விடு. மாவட்டப் போட்டி முடிஞ்சு வேன்ல அவளை என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?' என்றார். எனக்கு இருந்தது. நம் மைதானத்தில் இரண்டு நிமிடம் இருபது வினாடியில் ஓடியவள் அங்கே இருபத்திரண்டு எடுத்து நாலாவதாக வந்தாய். இத்தனை பிள்ளைகள் முன்னால் அவர், 'கால் இருக்கு, மனசு இல்லை உனக்கு. பாதியிலேயே விட்டுட்டே' என்றார். 'முழு மூச்சா ஓடினேம்பா' என்று நீ சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான், 'கோச் சொன்னா கேட்டுக்கோ' என்று அவர் பக்கம் பேசினேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினாய், அதற்குப் பிறகு நீ ஓடவில்லை. ஒன்பது வருடமாக நீயும் அவரும் போனில் அங்கே குளிரா, இங்கே மழையா என்று மட்டும் பேசிக்கொள்கிறீர்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் தடத்தில் இரண்டு சுற்று என்றால் எழுநூற்று எண்பத்து நாலு மீட்டர்தான். அதே வேகத்தில் முழு எண்ணூறு ஓடியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் இருபத்து மூன்று வினாடி ஆகியிருக்கும். நீ எடுத்தது இருபத்திரண்டு. புரிகிறதா கண்ணு? அன்றைக்கு நீ எதையும் விடவில்லை. உன் வாழ்நாளிலேயே வேகமாக ஓடியது அன்றைக்குத்தான். தாளை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிகிற நேரம், பாஸ்டர் கூப்பிடாமலேயே உன் அப்பா எழுந்து முன்னால் போய் நின்றார். 'தடம் எட்டு மீட்டர் குட்டை. கோடு போட்டது நான், அளக்காம விட்டதும் நான். பன்னிரண்டு வருஷ ரெக்கார்டு எதுவும் செல்லாது. என்னால சில பிள்ளைங்க கேட்கக்கூடாத பேச்சும் கேட்டிருக்காங்க' என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெட்டுக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'அப்போ இனிமே நான் ஓடுறதுதான் ரெக்கார்டா சார்?' என்று கேட்டாள், அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள் பார், வகுப்பில் இந்த மூளை எங்கே போகிறது என்று தெரியவில்லை. பலகையை உன் அப்பாவே திருகாணி கழற்றி இறக்கினார். மறுபக்கத்து வளைவை வேலி வரைக்கும் தள்ளிப் புதுக்கோடு போடுகிறார்கள், டேப்பின் அந்த முனையில் வெயிலில் நிற்க வைக்க அவருக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. 'பிடி', 'விடு' என்று இரண்டு வார்த்தை கூடியிருக்கிறது. ஊருக்கு முன்னால் சொல்ல வாய் வந்தது, பெற்ற பிள்ளைக்குச் சொல்ல வரவில்லை. இந்த மனிதரோடு முப்பது வருடம் குடித்தனம் செய்ததற்கு எனக்குத்தான் ஒரு கோப்பை கொடுக்க வேண்டும்.

உனக்குக் கோபம் வந்தால் கோபப்படு, அது நியாயம், என்மேலும் கோபப்படு. ஆனால் அதை மனதில் பூட்டி வைக்காதே, அப்பனைப் போல ஆகிவிடாதே. இருமல் இருந்தால் வெந்நீர் குடி, வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே கடைக்குப் போய்விடுவேன், போனை அவர்தான் எடுத்தாக வேண்டும், மறக்காமல் கூப்பிடு. மழையைப் பற்றித்தான் ஆரம்பிப்பார், வைத்துவிடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைநிழலில் காப்பாராக. கீழே நாலு விரல் இடம் விட்டு இந்தத் தாளை அவர் மேசையில் வைக்கிறேன், எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, காலையில் தபாலில் போடுவேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா

அம்மாவின் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நீ முழு மூச்சாகத்தான் ஓடினாய். அப்பா.